கீமோ நோயாளிகளுக்கு வாராவாரம் போனில் அறிகுறிக் கேள்விகள்: எந்தப் படிவம், அலர்ட் வந்தால் யார் பார்ப்பது?

டேகேர்_இன்சார்ஜ் எழுதியது:

எங்கள் டே கேரில் எந்த நேரத்திலும் சுமார் 120 பேர் கீமோவில் இருப்பார்கள். மார்பகம், பெருங்குடல், நுரையீரல், கர்ப்பப்பை வாய். பாதிக்கு மேல் 21 நாள் சைக்கிள். ஊசி போட்டு அனுப்பினால், வீட்டில் என்ன நடந்தது என்பது அடுத்த சைக்கிளுக்கு வந்து உட்காரும்போதுதான் தெரிகிறது. வாராவாரம் போனுக்குக் கேள்விகள் அனுப்ப நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. ஆன்லைன் படிவங்களை அனுப்பிப் பதில்களைச் சேர்க்கும் ரெட்கேப் மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நர்ஸை அரை நாள் ஒதுக்க முடியும்.

வெள்ளோட்டமாக, பக்கவிளைவுகளுக்குத் தரம் போட டாக்டர்கள் பயன்படுத்தும் சிடிசிஏஇ அட்டவணையை நாங்களே தமிழாக்கி 40 கேள்விகளாக 20 பேருக்கு அனுப்பிப் பார்த்தோம். பாதிப் பேர் முடிக்கவே இல்லை. முடித்தவர்களில் பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் "மிதமான" என்று தட்டியிருக்கிறார்கள். அலர்ட் ஒன்றுகூட வரவில்லை. அதே வாரத்தில் இரண்டு பேர் காய்ச்சலோடு அட்மிட் ஆனார்கள்.

கேள்விகள் மூன்று. எந்தப் படிவம், எத்தனை கேள்வி? எஸ்எம்எஸ் லிங்க்கா, ஆப்பா, ஐவிஆர் (பதிவுக் குரல் கேட்க, பட்டன் அழுத்திப் பதில் சொல்லும்) அழைப்பா? அலர்ட்டை அரை நாள் நர்ஸ் ஒருவர் சமாளிக்க முடியுமா?

---

படிவக்காரன் எழுதியது:

சிக்கல் முதல் அடியிலேயே இருக்கிறது. சிடிசிஏஇ என்பது டாக்டர் நோயாளியைப் பார்த்துத் தரம் போடும் அட்டவணை. "தரம் 2: தினசரி வேலைகளில் கருவிசார் செயல்பாடு குறைதல்" என்று நோயாளியிடம் கேட்டால் அவர் என்ன செய்வார்? நோயாளியே பதில் சொல்வதற்கென்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தனியாக உருவாக்கியது பிஆர்ஓ-சிடிசிஏஇ. 78 அறிகுறிகள், 124 கேள்விகள். மொத்தத்தையும் கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது ஒரு கிடங்கு, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்த கேள்வியின் வாசகத்தையும் "கடந்த 7 நாட்களில்" என்ற காலவரம்பையும் தொடக்கூடாது. வீட்டுத் தமிழாக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் தளத்தில் உள்ள அதிகாரப்பூர்வ மொழிவடிவத்தை இறக்குங்கள்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் மூன்று கோணம் வரை இருக்கும்: எத்தனை முறை வந்தது, மோசமாக இருந்தபோது எவ்வளவு கடுமை, அன்றாட வேலையை எவ்வளவு தடுத்தது. ஒவ்வொன்றும் 0 முதல் 4 வரை. முதல் கேள்விக்கு 0 என்றால் அடுத்த கோணங்களைத் தாண்டிவிடும்படி அமையுங்கள். 12 அறிகுறி வைத்தாலும் பலருக்கு 15 கேள்விக்குள் முடிந்துவிடும்.

உங்கள் கூட்டத்துக்கு நான் வைப்பது: வலி, அசதி, குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், பசியின்மை, வாய்ப்புண், மூச்சு வாங்குதல், கை கால் மரத்துப்போதல், தூக்கமின்மை, மனக்கவலை. கேபசிட்டபின் (கீமோ மாத்திரை) எடுப்பவர்களுக்குக் கை-கால் தோல் உரிதலைச் சேர்த்துத் தூக்கமின்மையை எடுத்துவிடலாம். கடைசியில் "வேறு ஏதாவது?" என்று ஒரு காலிப் பெட்டி. அதில் எழுத்து தட்டமுடியாதவர்களுக்குக் குரல் பதிவு.

இனி அந்த "மிதமான". நம் பேச்சில் மிதமான சூடு என்றால் கை பொறுக்கும் சூடு, மிதமான மழை என்றால் குடை இல்லாமலும் போகலாம். நடுத்தரக் கடுமை என்று நீங்கள் நினைத்துப் போட்ட சொல்லை நோயாளி "பரவாயில்லை" என்று வாசித்திருக்கிறார். இன்னும் சில இப்படி உண்டு. "சோர்வு" என்றால் சிலர் மனச்சோர்வு என்று எடுத்துக்கொள்கிறார்கள், "உடம்பு அசதி" என்றால் குழப்பமில்லை. குமட்டல், ஓங்கரிப்பு, வாந்தி மூன்றும் ஒன்றாகிவிடும். வாய் நிறைய எச்சில் ஊறிக்கொண்டே இருப்பவர் வாந்தி இல்லாததால் குமட்டலுக்கும் 0 போடுவார். "மரத்துப்போதல்" சிலருக்குப் புரியும், சிலருக்கு "மதமதப்பு", சிலருக்கு "எறும்பு ஊர்ற மாதிரி". அதிகாரப்பூர்வ வாசகத்தை மாற்றக்கூடாது என்பதால், சேர்க்கும் நாளிலேயே நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து முதல் படிவத்தை ஒருமுறை செய்யவைத்து, எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று வாயால் சொல்லிக்கொடுப்பதுதான் வழி. பத்து நிமிடம் ஆகும். இதைத் தாண்டிப்போனால் பின்னால் வரும் எண் எதற்கும் பொருள் இல்லை.

படிவத்தில் இல்லாத இரண்டை நீங்களே தனியாகச் சேர்க்க வேண்டும், பிஆர்ஓ-சிடிசிஏஇ பெயரில் அல்லாமல் உங்கள் சொந்தக் கேள்வியாக. ஒன்று காய்ச்சல். இரண்டாவது, வயிற்றுப்போக்கு எண்ணிக்கை. படிவம் "எத்தனை அடிக்கடி" என்றுதான் கேட்கும். கேபசிட்டபினுக்கும் ஐரினோடெக்கான் என்ற கீமோ மருந்துக்கும் "வழக்கத்தைவிட நாளுக்கு எத்தனை முறை கூடுதல்" என்ற எண் வேண்டும். வழக்கத்தைவிட 4 முதல் 6 முறை கூடினால் அது தரம் 2. கேபசிட்டபினை நிறுத்திவைக்க வேண்டிய கட்டம் அது. ஆனால் அந்த ஆள் படிவத்தில் "சில சமயம்" என்று மட்டும் போட்டிருப்பார்.

---

ஆன்கோ_நர்ஸ் எழுதியது:

மூணாவது கேள்விக்கு வர்றேன் சிஸ்டர், அதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். படிவம் நல்லா இருந்து, அலர்ட்டை எடுக்க ஆள் இல்லன்னா அது இல்லாத நிலையைவிட மோசம். "நான்தான் போன்ல சொன்னேனே"ன்னு நோயாளி வீட்டிலேயே உக்காந்திருப்பாங்க.

கணக்குப் போடுங்க. 120 பேர்ல வாரம் 96 பேர் பதில் அனுப்பறாங்கன்னு வைங்க. மூணுல ஒண்ணுல அலர்ட் வந்தா 32 போன். ஒரு போனுக்கு எழுதறதும் சேத்து 10 நிமிஷம்னா 320 நிமிஷம், அதாவது அஞ்சே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. உங்க அரை நாள் நர்ஸுக்கு வாரத்துல 20 மணி நேரம் இருக்கு. போதும். ஆனா எல்லாருக்கும் திங்கட்கிழமை காலைல அனுப்பினா 32 போனும் திங்கள் மதியமே வந்து விழும். அங்கதான் உடையும். கீமோ எந்தக் கிழமையோ அதே கிழமைல கேள்வி போகட்டும், 7-ம் நாளும் 14-ம் நாளும் தானா அமைஞ்சுடும். வெள்ளி, சனி கீமோக்காரங்களுக்கு மட்டும் வியாழனுக்கு இழுத்துடுங்க. சனிக்கிழமை சாயந்திரம் வர்ற அலர்ட்டை ஞாயித்துக்கிழமை யாரும் பாக்கப்போறதில்ல.

எப்ப அலர்ட்? ஒரு அறிகுறி 3 அல்லது 4 ஆனா, இல்ல போன தடவையைவிட 2 படி ஏறினா. ரெண்டையும் வைங்க. 0-ல இருந்து 2-க்கு வந்த மூச்சு வாங்குதல், 3-லயே நாலு மாசமா நிக்கிற மதமதப்பைவிட முக்கியம். அந்த நிரந்தர 3 ஆட்களுக்கு ஒருமுறை டாக்டர் பாத்து முடிவு எடுத்த பிறகு "இன்னும் ஏறினா மட்டும்"னு மாத்திவிடுங்க. இல்லன்னா வாராவாரம் அதே பேர், அதே அலர்ட், மூணாவது வாரம் நர்ஸ் திறந்துகூடப் பாக்கமாட்டாங்க.

மூணு நிறம் போதும். சிவப்பு: காய்ச்சல், புதுசா மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, ரத்தப்போக்கு, தண்ணிகூட இறங்காத வாந்தி. ஒரு மணி நேரத்துக்குள்ள போன், பெரும்பாலும் நேர்ல வரச்சொல்றதுதான். மஞ்சள்: அன்னிக்கே வேலை நேரத்துக்குள்ள போன். மத்தது எல்லாம் அடுத்த சைக்கிள் சார்ட்ல ஒரு பக்கமா.

காய்ச்சல் பத்தித் தனியா சொல்லணும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டா வாரக் கேள்விக்குக் காத்திருக்கவே கூடாது, நேரா போன். படிவத்தோட முதல் பக்கத்துலயும் கடைசிலயும் "இது அவசரத்துக்கு இல்லை, அவசரம்னா 108"னு பெரிசா போடுங்க. கேள்வியும் ரெண்டா இருக்கணும்: "காய்ச்சல் இருந்ததா, எவ்வளவு?" அப்புறம் "கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல் மாத்திரையோ வலி மாத்திரையோ போட்டீர்களா?" பாராசிட்டமால் போட்டுட்டுத் தெர்மாமீட்டர் வச்சா 99 காட்டும், அவங்க "இல்லை"ன்னு தட்டிடுவாங்க. டிரமடால் கூட்டு மாத்திரைலயும் பாராசிட்டமால் இருக்குங்கறது பலபேருக்குத் தெரியாது. தெர்மாமீட்டர் வீட்டில இருக்கான்னு சேர்க்கும்போதே கேளுங்க, இல்லன்னா அன்னிக்கே ஒண்ணு வாங்கவைங்க.

போன்ல பேசறப்ப எண்ணைத் திருப்பிச் சொல்லிக் கேக்காதீங்க. "மூணு போட்டிருக்கீங்களே"ன்னா பயந்துட்டு "இல்லம்மா இப்ப பரவால்ல"ம்பாங்க. வேலையைக் கேளுங்க. மதமதப்புன்னா: ஜாக்கெட் கொக்கி தானே மாட்டறீங்களா, செருப்பு கால்ல இருந்து கழண்டது தெரியாம நடக்கறீங்களா? ரெண்டாவதுக்கு ஆமான்னா, மதமதப்பைக் கொண்டுவர்ற கீமோ மருந்துகளான பாக்லிடாக்சலோ ஆக்ஸாலிப்ளாட்டினோ அடுத்து போடறதுக்கு முன்னால டாக்டர் பாத்தே ஆகணும். ஆக்ஸாலிப்ளாட்டின்ல இன்னொண்ணு, ஃப்ரிட்ஜ் தண்ணி தொட்டா மட்டும் சுருக்குன்னு இழுத்து அஞ்சு நாள்ல போயிடறது வேற, நாள் முழுக்க நிக்கறது வேற. படிவத்துல ரெண்டும் ஒரே எண்தான், போன்லதான் பிரிக்க முடியும். வயித்துப்போக்குன்னா ராத்திரி எழுந்து போறீங்களான்னு கேளுங்க, மூத்திரம் கடைசியா எப்பப் போச்சுன்னு கேளுங்க.

ஒவ்வொரு போனுக்கும் என்ன செஞ்சீங்கன்னு ஒரு வரி பதியணும். "அறிவுரை சொன்னேன்" பத்தாது. எந்த மாத்திரை, யாரிடம் கேட்டு, மறுபடி எப்ப போன்.

---

ரெட்கேப்_ஆள் எழுதியது:

தொழில்நுட்பப் பக்கம். ஆப் வேண்டாம். மெமரி நிறைந்த போனில் இன்னொன்றை இறக்கச் சொன்னாலே பாதிப் பேர் விலகிவிடுவார்கள். பிரவுசரில் திறக்கும் லிங்க், பாஸ்வேர்டு இல்லாமல், ஆளுக்கொரு தனி லிங்க். வாசிக்க முடியாதவர்களுக்கும் பட்டன் போன்காரர்களுக்கும் ஐவிஆர்.

எஸ்எம்எஸ் அனுப்ப, நிறுவனங்களின் செய்திகளைப் பதிவு செய்யும் டிஎல்டி தளத்தில் நிறுவனப் பெயர், ஹெடர் (அனுப்புநர் பெயர்), டெம்ப்ளேட் (செய்தி வாசகம்) மூன்றையும் பதிவு செய்ய வேண்டும். டெம்ப்ளேட்டுக்குள் வரும் லிங்க்கின் டொமைனையும் தனியாக அனுமதிப் பட்டியலில் ஏற்ற வேண்டும், விட்டால் செய்தி ஆபரேட்டரிடமே நின்றுவிடும். உங்கள் பக்கத்தில் "அனுப்பப்பட்டது" என்றுதான் காட்டும். அதனால் டெலிவரி அறிக்கையைப் பாருங்கள், அனுப்பிய எண்ணிக்கையை அல்ல.

தமிழ் எஸ்எம்எஸ் யூனிகோடில் போவதால் ஒன்றுக்கு 70 குறிகள்தான், நீளமானால் துண்டுக்கு 67. "கே" நம் கண்ணுக்கு ஒரு எழுத்து, கணக்கில் இரண்டு. எடுத்துக்காட்டாக:

"வணக்கம். இந்த வார உடல்நலக் கேள்விகள்: [லிங்க்] 5 நிமிடம் போதும். அவசரம் என்றால் 108."

லிங்க் 25 குறி என்றால் இது மொத்தம் 101. இரண்டு எஸ்எம்எஸ் கட்டணம். முன்னால் "அன்புள்ள நோயாளி அவர்களுக்கு" என்று சேர்த்தால் இரண்டின் எல்லையான 134-ஐ நெருங்கிவிடும்.

அதில் ஆஸ்பத்திரி பெயரும் இல்லை, "புற்றுநோய்", "கீமோ" என்ற சொற்களும் இல்லை, கவனித்தீர்களா? காரணம் செலவு மட்டுமல்ல. போன் மகனுடையதாக இருக்கும், பேத்தி கையில் இருக்கும். என்ன நோய் என்று நோயாளிக்கே வீட்டார் சொல்லாமல் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. படிவத்தின் தலைப்பும் அப்படியே "உடல்நலக் கேள்விகள்" என்று மட்டும் இருக்கட்டும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து, சம்மதத்தைத் தனியாக, தமிழில், எதற்காக என்ற விளக்கத்தோடு வாங்குங்கள். பொதுவான அட்மிஷன் கையெழுத்தில் இதை நுழைக்காதீர்கள்.

ரெட்கேப் அமைப்பில் வழக்கமாகப் போகும் இடங்கள்: முந்தைய வாரத்தோடு ஒப்பிடும் விதியில், முதல் வாரம் முந்தைய பதில் காலியாக இருக்கும். காலியைச் சுழியாக எடுத்தால் 2 போட்ட அத்தனை பேருக்கும் அலர்ட் அடிக்கும். "முந்தைய பதில் காலியில்லை" என்ற நிபந்தனையை முன்னால் போடுங்கள். அடுத்தது, அலர்ட்டை ஒருமுறை மட்டும் அனுப்பு என்று விட்டுவிடுவது. சோதனை நாளில் அழகாக வேலை செய்யும், நான்காம் வாரம் அதே நோயாளி 4 போட்டாலும் சத்தமே வராது. ஒரு போலி நோயாளியை உருவாக்கி மூன்று வாரப் பதில்களை அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். அலர்ட் தனி ஒருவர் மெயிலுக்குப் போகக்கூடாது. லீவு போட்டால் அவ்வளவுதான். வார்டுக்கென்று ஒரு போன், ஒரு பொது மெயில்.

ஐவிஆர் மாலை 7 முதல் 8 வரை போகட்டும். 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்து போனால் விளம்பரம் என்று வெட்டிவிடுவார்கள். சேர்க்கும்போதே அழைக்கும் எண்ணை அவர்கள் போனில் பெயரோடு பதிந்துகொடுங்கள். 24 மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் தானியங்கி நினைவூட்டல், 72 மணி நேரத்தில் இல்லையென்றால் மனிதர் கூப்பிட வேண்டும். ரொம்ப முடியாமல் படுத்திருப்பவர்தான் பதில் போடாமல் விடுவார். பதில் வராததும் ஒரு அலர்ட்தான்.

---

டேகேர்_இன்சார்ஜ் எழுதியது:

நன்றி. சோதனை முறையை மாற்றுகிறோம். இன்னும் இரண்டு. நிர்வாகம் "இதனால் ஆயுள் கூடும் என்று ஆய்வு இருக்கிறதாமே" என்று அதை விளம்பரத்தில் போட நினைக்கிறது. டாக்டர் ஒருவர், ஈஓஆர்டிசி என்ற ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் கியூஎல்கியூ-சி30 வாழ்க்கைத் தரப் படிவத்தையே வாராவாரம் வைக்கலாமே என்கிறார்.

---

கட்டியியல்_மாணவர் எழுதியது:

ஆயுள் பேச்சுக்கு மூலம் நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் ஈதன் பாஷ் குழு நடத்திய ஆய்வு. 766 பேர், பரவிய நிலைப் புற்றுநோய், வெளிநோயாளி கீமோ. 2017-இல் வந்த முடிவில், அறிகுறிகளைத் தாங்களே பதிந்தவர்களின் நடு ஆயுட்காலம் 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் 26.0. அதே ஆய்வின் முந்தைய முடிவில் அவசரப் பிரிவுக்குப் போனவர்கள் 34 சதவீதம், மற்ற பக்கம் 41. ஆனால் அது ஒரே மருத்துவமனை. பிறகு அதே குழு அமெரிக்கா முழுவதும் 52 சமூகச் சிகிச்சை மையங்களில் 1,191 பேரிடம் புரோ-டெக்ட் என்ற பெரிய ஆய்வைச் செய்தது. உடல் செயல்பாடு, அறிகுறிக் கட்டுப்பாடு, வாழ்க்கைத் தரம் மூன்றும் மேம்பட்டன. ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே ஆயுளை விளம்பரத்தில் போடுவது நேர்மையல்ல. அறிகுறி சீக்கிரம் தெரியும், அவசர வருகை குறையலாம், இதைச் சொல்லலாம். ஈஎஸ்எம்ஓ என்ற ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் சிகிச்சைக் காலத்தில் இத்தகைய டிஜிட்டல் கண்காணிப்பைப் பரிந்துரைக்கிறது.

உங்கள் இடத்துக்கு இன்னொரு தகவல் பயன்படும். பாஷ் ஆய்வில் கணினிப் பழக்கமே இல்லாதவர்கள் 227 பேர் தனிப் பிரிவாக இருந்தார்கள். வீட்டிலிருந்து அல்ல, மருத்துவமனைக்கு வரும்போது அங்குள்ள திரையில்தான் பதில் போட்டார்கள். பலன் அவர்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது. "எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் வராது" என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். புரோ-டெக்டில் இணையம் வேண்டாதவர்களுக்குத் தானியங்கித் தொலைபேசி இருந்தது, அனுப்ப வேண்டிய வாரப் படிவங்களில் 91.5 சதவீதம் வந்து சேர்ந்தது.

சி30 நல்ல படிவம்தான், ஆனால் வாராவாரம் அலர்ட்டுக்கு அல்ல. 30 கேள்வி, 1 முதல் 4 வரை. கடைசி இரண்டு மட்டும் 1 முதல் 7. ஒவ்வொரு அளவுகோலையும் 0 முதல் 100-க்கு மாற்ற வேண்டும். அசதிக்குக் கேள்வி 10, 12, 18. பதில்கள் 3, 2, 3 என்றால் சராசரி 2.67, ஒன்றைக் கழித்து 3-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 55.6. அறிகுறியில் எண் ஏறினால் மோசம். உடல் செயல்பாட்டிலோ எண் ஏறினால் நல்லது, சூத்திரமும் தலைகீழ். இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒரே நிறத்தில் போட்ட திரையைப் பார்த்து, தேறிவரும் நோயாளியை மோசமாகிறார் என்று வாசிப்பது எளிது. வெளியிடப்பட்ட வரம்புகளின்படி அசதி 39-க்கு மேல், வலி 25-க்கு மேல், உடல் செயல்பாடு 83-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டியது. சிகிச்சை தொடங்கும்முன் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வையுங்கள். 10 புள்ளிக்குக் குறைந்த மாற்றத்துக்குக் கதை கட்டாதீர்கள்.

எட்மண்டன் அளவுகோலைச் சிலர் சொல்வார்கள். ஒன்பது அறிகுறி, 0 முதல் 10. கனடாவின் ஒன்டாரியோவில் 2007 முதல் பரவலாக நடக்கிறது. எளிமையானது. ஆனால் அது "இப்போது எப்படி இருக்கிறது" என்று கேட்கும். கீமோ அன்று காலை எல்லாரும் ஓரளவு தெளிவாகத்தான் வருவார்கள். நீங்கள் தேடுவது ஏழாம் நாளில் நடந்ததை.

இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் சிகிச்சை) நோயாளிகளை கடைசி ஊசியோடு பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். குடல் அழற்சியும் நுரையீரல் அழற்சியும் மருந்து நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரும்.

---

டேகேர்_இன்சார்ஜ் எழுதியது:

மகனோ மருமகளோ அம்மாவுக்குப் பதிலாகத் தட்டிவிடுவதை என்ன செய்வது?

---

ஆன்கோ_நர்ஸ் எழுதியது:

தடுக்க முடியாது, தெரிஞ்சுக்கலாம். முதல் கேள்வியே "பதில் சொல்வது யார்: நோயாளி / நோயாளியைக் கேட்டு வேறொருவர் / வீட்டார் தாங்களே"ன்னு வைங்க. மூணாவது வந்தா எண்ணை ஒப்பிடாதீங்க. வாந்தி, பேதி மாதிரி கண்ணுக்குத் தெரியறதுல வீட்டார் பதில் ஓரளவு சரியா இருக்கும், வலிலயும் மனக்கவலைலயும் தள்ளிப்போகும். அந்த வாரம் அம்மாகிட்டயே ரெண்டு நிமிஷம் போன்ல பேசிடுங்க.

டாக்டர் அறைல அந்த ஒரு பக்கத் தாளை நோயாளி முன்னால கையில எடுத்து, "போன வாரம் வாய்ப்புண்ணுன்னு போட்டிருந்தீங்களே"ன்னு ஒரு வார்த்தை கேக்கவைங்க. அது நடக்கலன்னா யாரும் ரொம்ப நாள் தட்டமாட்டாங்க.

இன்னொண்ணு, இது யார் பட்டியல்லயும் இருக்காது. சிகிச்சை நிறுத்தினவங்க, வேற ஊருக்கு மாறினவங்க, இறந்தவங்க பேரை, அனுப்பும் பட்டியல்ல இருந்து தினமும் சாயந்திரம் எடுத்துடணும். வார்டு ரெஜிஸ்டரும் ரெட்கேப்பும் தானா பேசிக்காது. காரியம் முடிஞ்ச வீட்டுக்கு "இந்த வார உடல்நலக் கேள்விகள்"னு போய் நிக்கக்கூடாது. அதுக்குப் பொறுப்பான ஆள் பேரை முதல் நாளே எழுதி ஒட்டுங்க.